கொழுந்துக்குள் ஓர் ஆலை

ஏலப்பாறையின் பெயரில் ஏலம் இருக்கிறது. ஆனால் ஊரைச் சுற்றியுள்ள சரிவுகளில் முதலில் கண்ணில் படுவது தேயிலை. குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை செல்லும் சாலையில் பஸ் இந்த ஊரை நெருங்கும்போது, இடுப்பளவு பச்சையில் நின்று கொழுந்தெடுக்கும் பெண்களைப் பார்க்கலாம். அவர்களில் பலருடைய பாட்டனும் பாட்டியும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்தும் மலையேறி வந்தவர்கள்.

அந்தப் பெண்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். நிரை அதேதான், செடி அதேதான், கையும் அதேதான். ஆனால் ஒரு வாரம் பை நிறைகிறது. இன்னொரு வாரம் பொழுதெல்லாம் நின்றாலும் பாதிகூட நிறைவதில்லை. "இப்போ கொழுந்து இல்லே" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். சூப்பர்வைசர் தராசைப் பார்ப்பார். ஆபீஸில் குமாஸ்தா புத்தகத்தில் கிலோவை எழுதுவார். எண்ணிக்கை மட்டுமே பதிவாகும். ஏன் குறைந்தது என்று எழுத அந்தப் புத்தகத்தில் கட்டம் கிடையாது.

மழை, வெயில், உரம், கவாத்து என்று காரணங்கள் பல. ஆனால் இவை எல்லாம் கடைசியாக வந்து சேரும் இடம் ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய மொட்டின் நுனியில் உள்ள உயிரணு. அங்கே 'ஆலையைத் திறக்கலாமா, மூடி வைக்கலாமா' என்று செடி ஒரு கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்குத்தான் கொழுந்தின் கணக்கு. கடந்த சில பத்தாண்டுகளில் விஞ்ஞானிகள் அந்தக் கணக்கில் பெரும்பகுதியைப் படித்துவிட்டனர்.

உறங்கும் மொட்டு

கொழுந்தெடுப்பவருக்குத் தேவை ஒரு மொட்டும் இரண்டு இலையும். அதைக் கிள்ளியவுடன், கீழே நிற்கும் இலையின் கக்கத்தில் அதுவரை அடங்கிக் கிடந்த சிறு மொட்டு விழித்துக்கொள்கிறது. முதலில் செதில் போன்ற துணுக்குகள் விரிந்து உதிர்கின்றன. அடுத்து வருவது ஓரத்தில் பல்லில்லாத சிறு இலை. தோட்டத்தில் மீன் இலை என்பார்கள். பிறகு உண்மையான இலைகள் ஒவ்வொன்றாக விரிகின்றன. சில வாரங்களில் அடுத்த கொழுந்து தயார்.

எல்லா மொட்டும் இப்படி ஓடிக்கொண்டே இருப்பதில்லை. சில இலைகளை விரித்தபின் மொட்டு சுருங்கி, ஊசி முனை போல் நின்றுவிடும். தேயிலை நூல்கள் இதை 'பாஞ்சி' என்று குறிக்கின்றன. இது வடநாட்டுச் சொல். மலடு என்று அர்த்தம். ஆனால் உண்மையில் அது மலடல்ல. உறக்கம். காலம் வந்தால் அதே மொட்டு மறுபடி ஓடும்.

அசாமில் குளிர்காலத்தில் பகல் பொழுது குறுகும்போது செடி முழுவதுமே உறங்கிவிடுகிறது. அங்கே அந்த மாதங்களில் கொழுந்தெடுப்பு நின்றுபோகும். பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள இடுக்கி மலையில் பகலின் நீளம் அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே இங்கே வருஷம் முழுவதும் எடுப்பு உண்டு. ஆனால் ஏற்றமும் இறக்கமும் உண்டு. கோடை மழைக்குப் பின் ஒரு ஏற்றம், தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தபின் இன்னொரு ஏற்றம். நடுவில் உள்ள மாதங்களில் மொட்டுகள் தயங்குகின்றன.

விழித்த மொட்டுக்கும் உறங்கும் மொட்டுக்கும் உள்ளே என்ன வித்தியாசம்? இரண்டிலும் ஜீன்கள் ஒன்றே. செல்களும் ஒரே வகை. பெரிய வித்தியாசங்களில் ஒன்று, உள்ளே இருக்கும் ரிபோசோம்களின் எண்ணிக்கை.

ஆர்டரும் மிஷினும்

ரிபோசோம் என்றால் என்ன? தோட்டத்தில் வேலை செய்பவருக்கு இதைப் புரியவைப்பது எளிது. ஆபீஸிலிருந்து ஆலைக்கு ஆர்டர் வருகிறது: இன்ன ரகம், இத்தனை மூட்டை. ஆலையில் மிஷின் அந்த ஆர்டரைப் பார்த்துச் சரக்குப் போடுகிறது. செல்லுக்குள்ளும் இதே ஏற்பாடுதான். நடுவில் உள்ள உட்கரு ஆபீஸ். அங்கே டி.என்.ஏ. என்னும் மூலப் புத்தகம் இருக்கிறது. அதிலிருந்து ஒரு பக்கத்தை நகலெடுத்து வெளியே அனுப்புவது ஆர்டர் சீட்டு. அந்தச் சீட்டைப் படித்துப் புரதம் என்னும் சரக்கைச் செய்து தள்ளும் மிஷின்தான் ரிபோசோம்.

புரதம் இல்லாமல் புதிய செல் இல்லை. புதிய செல் இல்லாமல் புதிய இலை இல்லை. ஆக, ஒரு மொட்டு கொழுந்தாக வேண்டுமானால் முதலில் மிஷின்கள் வேண்டும். ஒன்றிரண்டு அல்ல, லட்சக்கணக்கில் வேண்டும். ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரியும்போது பிள்ளைச் செல்லுக்கும் பங்கு கொடுத்தாக வேண்டும்.

செடியின் ரிபோசோம் ஒவ்வொன்றிலும் சுமார் 80 வகைப் புரதங்களும் நான்கு ஆர்.என்.ஏ. துண்டுகளும் உள்ளன. அந்த நான்கு துண்டுகளுக்கு ரிபோசோம் ஆர்.என்.ஏ. என்று பெயர். ஆர்டர் சீட்டாக வரும் ஆர்.என்.ஏ. வேறு, இது வேறு. இது மிஷினின் உடம்பே ஆகும். ஒரு செல்லில் உள்ள மொத்த ஆர்.என்.ஏ.யில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்த வகைதான்.

இதைத் தயாரிக்க எவ்வளவு பாடு என்பதற்கு ஓர் உதாரணம். ஆப்பமாவையும் ரொட்டிமாவையும் பொங்கவைக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர், வேகமாக வளரும்போது நிமிஷத்துக்குச் சுமார் 2,000 ரிபோசோம்கள் கட்டுகிறது. அதன் உட்கருவில் நடக்கும் நகலெடுப்பு வேலையில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடுகிறது. வளர்ச்சி என்று நாம் சொல்வதில் பெரும் செலவு, மிஷின் கட்டும் செலவுதான்.

சிதம்பரத்தில் பிறந்தவர்

இந்த மிஷினின் உருவத்தை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர் தமிழகத்தில் பிறந்தவர். 1952-ம் ஆண்டு சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், பரோடாவில் பௌதிகம் படித்து, பிறகு அமெரிக்கா சென்று, அங்கே உயிரியல் பக்கம் திரும்பியவர். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்த அவர், வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ரிபோசோமில் சிறிய பாதியின் வடிவத்தை, அணு அணுவாக இடம் குறித்து, 2000-ம் ஆண்டில் வெளியிட்டார். அதற்காக 2009-ம் ஆண்டு ரசாயனத்துக்கான நோபல் பரிசு அவருக்கும், அமெரிக்காவின் தாமஸ் ஸ்டைட்ஸ், இஸ்ரேலின் அடா யோனத் ஆகிய இருவருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது.

இந்த ஆராய்ச்சிகளில் ஓர் ஆச்சரியம் வெளிப்பட்டது. புரதத்தின் கண்ணிகளைக் கோத்து இணைக்கும் இடத்தில் நின்று வேலை செய்வது புரதம் அல்ல, ரிபோசோம் ஆர்.என்.ஏ.தான். மற்ற புரதங்கள் தாங்கிப் பிடிக்கும் சட்டங்கள் போன்றவை. ஆகவே செடி எத்தனை ரிபோசோம் ஆர்.என்.ஏ. தயாரிக்கிறது என்பது அது எவ்வளவு வளரப்போகிறது என்பதன் அளவுகோல் ஆகிறது.

கட்டிச் சீல் வைத்த பக்கங்கள்

குமாஸ்தா வேலை பார்ப்பவர்களுக்கு அடுத்த விஷயம் சுவாரஸ்யமாக இருக்கும். மூலப் புத்தகத்தில் சாதாரண ஜீன் ஒவ்வொன்றும் ஓரிரு பக்கங்களில் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். ஆனால் ரிபோசோம் ஆர்.என்.ஏ.யைத் தயாரிப்பதற்கான பக்கம் மட்டும், ஒன்றன்பின் ஒன்றாகப் பல நூறு நகல்கள் இருக்கிறது. சில செடிகளில் இது ஆயிரக்கணக்கில் போகும். ஒரே நேரத்தில் பலர் நகலெடுத்தால்தான் தேவைக்கு ஈடுகொடுக்க முடியும் என்பதே இதற்குக் காரணம்.

இந்த வேலை நடக்கும் இடத்தைச் சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே பார்க்கலாம். உட்கருவுக்குள் அடர்ந்த ஒரு புள்ளியாக அது தெரியும். நியூக்ளியோலஸ் என்று பெயர். வேகமாக வளரும் நுனியில் உள்ள செல்களில் அது பெரிதாக இருக்கும். வளர்ச்சி ஓய்ந்த செல்களில் சிறுத்துவிடும். மக்காச்சோளத்தை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி பார்பரா மக்லின்டாக், குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட இடம்தான் இந்தப் புள்ளியை உருவாக்குகிறது என்று 1934-ம் ஆண்டிலேயே எழுதினார். ரிபோசோம் ஆர்.என்.ஏ. ஜீன்கள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் இடம் அதுவே என்பது பின்னால் தெரியவந்தது.

ஆனால் செடி இந்த எல்லா நகல்களையும் எப்போதும் திறந்து வைப்பதில்லை. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு களைச்செடியில் இது தெளிவாகக் காணப்பட்டது. அதில் இந்த ஜீன்கள் இரண்டு குரோமோசோம்களில், இரண்டு கட்டுகளாக இருக்கின்றன. விதை முளைக்கும் முதல் நாட்களில் இரண்டு கட்டும் திறந்திருக்கும். செடி வளர்ந்து இலை முதிரும்போது, ஆராய்ச்சிக்கூடங்களில் வழக்கமாக வளர்க்கப்படும் ரகத்தில், இரண்டாவது குரோமோசோமில் உள்ள கட்டு மூடப்படுகிறது. நாலாவதில் உள்ள கட்டு மட்டும் வேலை செய்கிறது.

மூடுவது என்றால் கிழித்து எறிவது அல்ல. பழைய ரிஜிஸ்தரை நாடாவால் கட்டி, சீல் வைத்து, அலமாரியில் வைப்பது போல. டி.என்.ஏ.யின் மேல் சிறு ரசாயன முத்திரைகள் ஒட்டப்படுகின்றன. அது சுற்றப்பட்டிருக்கும் புரதங்களும் இறுக்கப்படுகின்றன. அந்தப் பக்கத்தை யாரும் திறந்து படிக்க முடியாது. தேவைப்பட்டால் சீலை உடைக்கலாம். கடுகு இனங்களின் கலப்புச் செடிகளில், இலையில் மூடிக் கிடந்த இந்த ஜீன்கள் பூவில் மறுபடி திறக்கப்படுவதை 1997-ம் ஆண்டில் கண்டறிந்தனர்.

முளைக்கும் விதைக்கு எல்லா மிஷினும் வேண்டும். முதிர்ந்த இலைக்கு இருப்பது போதும். வேண்டியபோது திறந்து, வேண்டாதபோது மூடும் இந்த நிர்வாகம்தான் செடியின் வளர்ச்சிக்கு அடிப்படை.

கிள்ளினால் என்ன நடக்கிறது?

இனி மீண்டும் கொழுந்துக்கு வருவோம். நுனி மொட்டு இருக்கும்வரை கீழ் மொட்டுகள் ஏன் அடங்கிக் கிடக்கின்றன? நுனியில் உற்பத்தியாகும் ஆக்சின் என்ற ஊக்கி கீழ்நோக்கி இறங்கி, பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. பெரியவர் இருக்கும் வீட்டில் சின்னவர்கள் வாய் திறக்காதது போல.

நுனியைக் கிள்ளினால் இந்த அடக்குமுறை போய்விடும். ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2014-ம் ஆண்டில் பட்டாணிச் செடியை வைத்து ஒரு விஷயத்தைக் காட்டினர். நுனியை வெட்டியபின், ஆக்சின் குறைந்துபோன செய்தி கீழ் மொட்டுக்கு எட்டும் முன்பே அந்த மொட்டு அசையத் தொடங்கிவிட்டது! காரணம் சர்க்கரை. இலைகள் தயாரித்த சர்க்கரையை அதுவரை நுனி தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. நுனி போனதும் அந்தச் சர்க்கரை பக்க மொட்டுகளுக்குப் பாய்கிறது. மொட்டை எழுப்பும் முதல் குரல் அதுவே.

எழுந்த மொட்டு முதலில் என்ன செய்கிறது? பட்டாணியிலேயே 1992-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி இதற்குப் பதில் தந்தது. நுனியை வெட்டிய சில மணி நேரத்துக்குள், உறங்கிய மொட்டில் ரிபோசோம் புரதத்துக்கான ஆர்டர் சீட்டுகள் பெருகத் தொடங்கிவிடுகின்றன. இலை விரிவது பிறகு. மொட்டு கண்ணுக்குத் தெரியும்படி நீள்வதுகூடப் பிறகுதான். முதல் வேலை, மிஷின் கட்டுவது.

பட்டாணிக்கும் களைச்செடிக்கும் தேயிலைக்கும் இந்த அடிப்படை ஏற்பாடு பொது. கொழுந்தெடுக்கும் பெண்ணின் விரல் ஒரு மொட்டைக் கிள்ளும்போது, அடுத்த கக்கத்தில் ஓர் ஆலைக்குச் சங்கு ஊதுகிறது என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் சங்கு ஊதினால் மட்டும் ஆலை ஓடிவிடாது. விறகு வேண்டும், கச்சாப்பொருள் வேண்டும்.

இருப்பைப் பார்த்து உத்தரவு

செல்லுக்குள் ஒரு கண்டிப்பான ஸ்டோர்கீப்பர் உண்டு. டி.ஓ.ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்படும் புரதம் அது. ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த ராபமைசின் என்ற மருந்து எந்தப் புரதத்தைத் தாக்குகிறது என்று தேடியபோது அகப்பட்டது. ஆகவே அந்த மருந்தின் பெயரே இதற்கும் ஒட்டிக்கொண்டது. ஈஸ்டிலும் மனிதனிலும் செடியிலும் இது இருக்கிறது.

இதன் வேலை இருப்பைப் பார்ப்பது. சர்க்கரை வந்திருக்கிறதா, சத்து இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால்தான் ரிபோசோம் கட்ட உத்தரவு தரும். இலை தயாரித்த சர்க்கரை வேர் நுனியை அடைந்ததும் டி.ஓ.ஆர். விழித்து, ரிபோசோம் கட்டுவதற்கான ஜீன்களையும் செல் பெருகுவதற்கான ஜீன்களையும் திறந்துவிடுகிறது என்பதை அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி 2013-ம் ஆண்டில் காட்டியது. மண் காய்ந்து செடி தவிக்கும்போது வேறொரு ஊக்கி வந்து டி.ஓ.ஆரை அடக்கிவிடும். கஷ்ட காலத்தில் புது மிஷின் வாங்காத முதலாளி போல, செடியும் முதலில் நிறுத்துவது இந்தச் செலவைத்தான்.

இப்போது தோட்டத்து அனுபவத்தை இதோடு பொருத்திப் பார்க்கலாம். ஆடி மாத மழையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் கொழுந்து மந்தம். மேகம் மூடி வெயில் இல்லாததால் இலையில் சர்க்கரை குறைவு. மொட்டு ஆலையைத் திறக்கத் தயங்குகிறது. மாசி, பங்குனியில் வெயில் உண்டு, ஈரம் இல்லை. அப்போதும் தயக்கம். இரண்டும் கூடி வரும் கோடை மழைக்குப் பின்னும், பருவமழை விட்டபின்னும்தான் பை நிறைகிறது.

கவாத்துக்கு முன் செய்யும் ஒரு சோதனைக்கும் இப்போது அர்த்தம் தெளிவாகிறது. பென்சில் பருமனுள்ள வேரை வெட்டி அயோடின் கரைசல் தடவிப் பார்ப்பார்கள். கருநீலமாக மாறினால் வேரில் மாவுச்சத்து இருப்பு இருக்கிறது, கவாத்து செய்யலாம். நிறம் மாறாவிட்டால் கொழுந்தெடுப்பை நிறுத்தி, சில வாரம் செடியை ஓய்வில் விட வேண்டும். ஏனென்றால் கவாத்துக்குப் பின் இலை கிடையாது. இலை இல்லாவிட்டால் சர்க்கரை கிடையாது. புது மொட்டுகள் தங்கள் ஆலைகளைக் கட்டி எழுப்ப வேரின் சேமிப்பு ஒன்றே கதி. சேமிப்பு இல்லாத செடியை வெட்டினால் கிளை காய்ந்து போகும். செடியின் பாஸ்புக்கைப் பார்க்காமல் பணம் எடுக்க முடியாது.

மணிச்சத்தின் பெட்டகம்

சர்க்கரை விறகு என்றால், கச்சாப்பொருள் எது? தழைச்சத்தும் மணிச்சத்தும். ரிபோசோமின் புரதத்துக்குத் தழைச்சத்து வேண்டும். ரிபோசோம் ஆர்.என்.ஏ.யின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பாஸ்பரஸ் அணு, அதாவது மணிச்சத்து, பூட்டப்பட்டிருக்கிறது. வளரும் இளம் இலையில் உள்ள மணிச்சத்தில் பெரும் பங்கு இந்த ஆர்.என்.ஏ.யில்தான் அடங்கியிருக்கிறது.

தோட்டத்திலிருந்து ஆலைக்குப் போவது எது என்று யோசித்தால் விஷயம் விளங்கும். செடியில் மிஷின்கள் மிக நெருக்கமாக நிறைந்த பாகம் மொட்டும் இளம் இலையும். அதையே தேர்ந்தெடுத்துக் கிள்ளுகிறோம். ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் செடி கட்டிய ஆலைகளை அப்படியே மூட்டை கட்டி அனுப்பிவிடுகிறோம். செடி மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். உரம் போடாமல் எடுப்பை மட்டும் தொடர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மணிச்சத்து விஷயத்தில் மலைமண் கஞ்சனும்கூட. புளிப்பு மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்கு எளிதில் தருவதில்லை. ராக் பாஸ்பேட்டை மேலே தூவாமல் மண்ணுக்குள் இறக்கி வைப்பது இதனால்தான்.

இல்லாத இடத்தில் செடி எப்படிச் சிக்கனம் பிடிக்கிறது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பாடம் கிடைத்தது. அந்நாட்டின் தென்மேற்கு மூலையில் மணிச்சத்து மிக வறண்ட மண்ணில் பாங்க்ஸியா, ஹேக்கியா என்ற செடிகள் வளர்கின்றன. அவற்றின் இலைகளில் ரிபோசோம் ஆர்.என்.ஏ. மிகக் குறைவாக இருப்பதை 2014-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி கண்டது. அந்த இலைகள் முதலில் விரிந்து வளர்ந்து, பச்சையத்தைப் பிறகு நிதானமாகத்தான் ஏற்றுகின்றன. எல்லா ஆலையையும் ஒரே நேரத்தில் ஓட்டாமல், ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்று முறை வைக்கின்றன. அவை மெதுவாக வளர்வதற்கும் இதுவே காரணம்.

இந்தச் செடிகளின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்தை ஏலப்பாறைக்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள். தேயிலைக்கு நடுவே நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக்தான் அது. ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்த மரம்.

முதிர்ந்த இலை கொடுப்பது

கட்டிய மிஷின் காலமெல்லாம் அப்படியே இருப்பதும் இல்லை. இலை முதிரும்போது ரிபோசோம்கள் பிரிக்கப்படுகின்றன. செல்லுக்குள் இருக்கும் ஒரு கத்தரி, அதாவது ஆர்.என்.ஏ.யை வெட்டும் நொதி, ரிபோசோம் ஆர்.என்.ஏ.யைத் துண்டு துண்டாக்குகிறது. அதில் பூட்டிக் கிடந்த மணிச்சத்து விடுபட்டு, மேலே துளிர்க்கும் இலைகளுக்குப் போகிறது. அராபிடாப்சிஸில் இந்த நொதிக்குத் தனி ஜீனே உண்டு. மணிச்சத்துப் பஞ்சம் வந்தால் அது இன்னும் சுறுசுறுப்பாகிறது.

ஆகவே செடியில் நிற்கும் முதிர்ந்த இலை சும்மா நிற்கவில்லை. வெயிலில் சர்க்கரை செய்கிறது. வயதானபின் தன் சத்தைக் குழந்தை இலைக்கு விட்டுக்கொடுக்கிறது. தோட்டத்தில் அதைப் பராமரிப்பு இலை என்று சொல்லி, கை வைக்காமல் விடுவது இதற்காகத்தான். கொழுந்தின் எடையைக் கூட்டுவதற்காக அந்த இலையையும், பிஞ்சு மொட்டையும் சேர்த்துக் கத்தரியால் வெட்டினால் இன்றைக்குத் தராசு இறங்கும். அடுத்த சுற்றில் மொட்டுக்குச் சர்க்கரையும் கிடைக்காது, சத்தும் கிடைக்காது. அப்புறம் பாஞ்சிதான் மிச்சம்.

21 கிலோவும் 25 கிலோவும்

இதெல்லாம் விஞ்ஞானிகளின் விவகாரம், கூலிக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

2015-ம் ஆண்டு செப்டம்பரில் மூணாறில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். 'பெண்பிள்ளை ஒருமை' என்ற பெயரில் அவர்கள் நடத்திய போராட்டம் நாடு முழுவதும் பேசப்பட்டது. போனஸ் கிடைத்தபின், நாள் கூலியை 500 ரூபாயாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அக்டோபரில் ஏற்பட்ட முடிவில், தேயிலைத் தோட்டக் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. கூடவே, நாளொன்றுக்கு எடுக்க வேண்டிய அடிப்படைக் கொழுந்தின் அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்ந்தது.

பேச்சுவார்த்தை மேஜையில் நாலு கிலோவைக் கூட்டுவது பேனாவின் வேலை. நிரையில் அந்த நாலு கிலோவைத் தர வேண்டியது யார்? எடுப்பவரின் கை பாதி. செடியின் மொட்டு பாதி. கையை அவசரப்படுத்தலாம், மொட்டை அவசரப்படுத்த முடியாது. அதன் ஸ்டோர்கீப்பர் சர்க்கரையையும் சத்தையும் ஈரத்தையும் பார்த்துத்தான் உத்தரவு தருவார். உரமும் கவாத்தும் காலத்தில் நடந்து, பராமரிப்பு இலை நிற்கும் தோட்டத்தில் 25 கிலோ சாத்தியமாகலாம். கவனிப்பில்லாத தோட்டத்தில், அதே கைக்கு, அதே நேரத்தில், அது எட்டாக் கனி.

பீர்மேடு வட்டாரம் இதை நேரில் கண்டிருக்கிறது. 2000-ம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை சரிந்தபோது இங்கே பல தோட்டங்கள் மூடப்பட்டன. கவாத்து இல்லை, உரம் இல்லை. சில இடங்களில் தொழிலாளர்களே செடிகளைப் பங்கிட்டு, கொழுந்தெடுத்து விற்றுக் குடும்பம் நடத்தினார்கள். வெட்டாமல் விட்ட தேயிலை மரமாக உயர்ந்தது, பூத்தது, காய்த்தது. செடி சாகவில்லை. ஆனால் அதன் சத்தும் சர்க்கரையும் கொழுந்துக்கு வராமல் கட்டைக்கும் காய்க்கும் போய்விட்டன. ஆலைக்குப் பூட்டுப் போட்டது கதவில் மட்டுமல்ல, மொட்டுக்குள்ளும்தான்.

கட்டம் இல்லாத காரணம்

கொழுந்து குறைந்தால் முதலில் எழும் சந்தேகம், வேலைக்காரர் மேல். இது தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். செடிக்குள் நடப்பதை யாரும் பார்க்க முடியாத காலத்தில் அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லவும் வழியில்லை. "கொழுந்து இல்லே" என்று சொன்னவரின் பேச்சு சாக்காகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

இன்று பதில் இருக்கிறது. உறங்கும் மொட்டு உறங்குவதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறது. அந்தக் காரணம் வெயிலில் இருக்கலாம், மழையில் இருக்கலாம், போடாத உரத்தில் இருக்கலாம், தள்ளிப்போட்ட கவாத்தில் இருக்கலாம். இவற்றில் முதல் இரண்டும் வானத்தின் கையில். பின் இரண்டும் நிர்வாகத்தின் கையில். கொழுந்தெடுப்பவரின் கையில் இருப்பது ஒன்றுதான்: எதைக் கிள்ளுவது, எதை விடுவது.

அதை அந்தப் பெண்கள் எந்தப் புத்தகமும் படிக்காமலே சரியாகச் செய்து வருகிறார்கள். புதிதாக நிரைக்கு வரும் இளம்பெண்ணுக்கு மூத்தவர் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே அதுதான்: விரிந்ததை எடு, பிஞ்சை அடுத்த சுற்றுக்கு விடு. விட்டு வைத்த அந்தப் பிஞ்சுக்குள்தான் அடுத்த சுற்றின் ஆலை தயாராகிக்கொண்டிருக்கிறது.